கணுக்கால் என்று எழுதியவர்

மேடையில் வீற்றிருக்கும் கலைச்சொல் குழுவின் தலைவர் அவர்களே, என் சக உறுப்பினர்களே, விடியலில் தொலைநோக்கியோடு அலையும் பறவை நோக்கர்களே, ஆசிரியப் பெருமக்களே, முதல் வரிசையில் என் முகத்தைப் பார்க்க விரும்பாமல் அமர்ந்திருக்கும், மறைந்த பெரியவரின் மகளே, வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பேசி முடித்ததும், இதோ இந்த மேசையில் நாடா கட்டி வைத்திருக்கும் பறவைச் சொல்லகராதியின் இரண்டாம் பதிப்பில் முதல் பிரதியை நான் பெற்றுக்கொள்ள வேண்டுமாம். அதை நான் தொடப்போவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

நாம் இழந்தது வளையக்காரரை. அவரை வேறு பெயரில் யாரும் அழைத்து நான் கேட்டதில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் பறவைகளை வலையில் பிடித்து, எடை பார்த்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்கவிட்டவர். நாற்பதாயிரம் கால்கள்! ஒரு காலாவது அவர் கையில் முறிந்ததாக யாரேனும் சொல்ல முடியுமா?

அந்த வளையக்காரர்தான் பறவையின் உடலுக்கும் இறகுக்கும் நடத்தைக்கும் அறுநூற்றுப் பன்னிரண்டு சொற்களைத் திரட்டினார். எப்படித் திரட்டினார் என்பதை நான் அறிவேன். காலை ஆறு மணிக்கு என் வீட்டுத் தொலைபேசி அடிக்கும்.

“தம்பி, பென்சில் எடுங்க. கையில பறவை இருக்கு, சீக்கிரம்.”

அவர் சொல்லச் சொல்ல, பறவையைப் பார்க்காமலே நான் வரைய வேண்டும். என் படம் அவர் கையில் இருந்த பறவையோடு ஒத்துப்போனால் அந்தச் சொல் தேறியது. ‘புருவக்கோடு’ முதல் முறையே தேறியது. வாலுக்கு அடியில் மூடியிருக்கும் சிறு இறகுகளுக்கு ‘வாலடிப் போர்வை’ என்றார். வரைந்து கொண்டுபோய்க் காட்டினேன்.

“என்னய்யா இது, குருவிக்குக் கம்பளி சுத்தி விட்டிருக்கீங்க? குளிருதாமா அதுக்கு?”

“நீங்கதானே அண்ணா போர்வைன்னீங்க!”

“அப்ப வார்த்தைதான் தப்பு. அடிச்சிடுங்க.”

என் கோணல் படங்களைக் கடந்து வந்தவை அந்த அறுநூற்றுப் பன்னிரண்டும். அவற்றைக் குழுவின் கையில் ஒப்படைக்கச் சொன்னவன் நான். அவரை அந்த அறைக்குள் அழைத்துவந்து நாற்காலியை இழுத்துப் போட்டவனும் நான்.

நாற்பத்தோராம் பக்கத்துக்கு வருகிறேன். பறவையின் காலில் பின்பக்கமாக மடிகிறதே ஒரு மூட்டு, அது முழங்கால் அல்ல. முழங்கால் இறகுக்குள், உடலோடு ஒட்டி ஒளிந்திருக்கிறது. வெளியே தெரிவது கணுக்கால். பறவை விரல்களில் நடக்கிறது. வளையக்காரர் ‘கணுக்கால்’ என்றே எழுதிக் கொடுத்தார். அச்சகத்தில் அது ‘முழங்கால்’ ஆனது. தலைவர் அவர்களே, அன்று நீங்கள் சொன்னதை மெய்ப்பு பார்த்தவர் எனக்கு அப்படியே சொன்னார்: “நடுவுல மடிஞ்சா முழங்கால். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவரு மட்டும் என்ன புதுசா கண்டுபிடிச்சாரு?”

புத்தகம் வந்தது. அட்டையில் அவர் பெயர் மட்டும் பெரிதாக இருந்தது. இரண்டு மாதத்தில் ஒரு கால்நடை மருத்துவர் பத்திரிகையில் எழுதினார்: நாற்பதாயிரம் கால்களைத் தொட்டவருக்கு முழங்கால் எது, கணுக்கால் எது என்று தெரியவில்லை!

ஒருவரின் உழைப்பிலிருந்து அவர் பெயரை அகற்றுவது திருட்டு. அவர் எழுதாத பிழையின் மேல் அவர் பெயரை ஒட்டிவைப்பது என்ன?

தம் பெயரை எடுத்துவிடுமாறு குழுவுக்கு மூன்று கடிதம் எழுதினார். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்குத் தலைவர் தொலைபேசியில் சிரித்தார்: “பெரியவரே, உங்க பேரு இருந்தாத்தான் புத்தகத்துக்கே மரியாதை.” மூன்றாவதற்கு ஒரு தீர்மானத்தின் நகல் போனது. திருத்தங்கள் அனைத்தும் ஒருமனதாக ஏற்கப்பட்டன என்றது அது. கீழே ஏழு கையெழுத்துகள். ஐந்தாவது என்னுடையது.

மறுநாள் ஆறு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

“தம்பி, பென்சில் வேணாம். அஞ்சாவது கையெழுத்து உங்களுதுதானா?”

தேதியைப் படித்துக் காட்டினார்.

“அன்னிக்குக் கையெழுத்து போட்டது நிஜம்தான் அண்ணா, ஆனா...”

“சரி, வச்சிடறேன்.”

அதன்பின் அவர் அழைக்கவே இல்லை. நான் போட்டது வருகைத்தாளில். கூட்டத்துக்கு வந்தவர்களின் பெயர்ப்பட்டியலில். அதை நகலெடுத்து, நகலின் தலையில் ஒரு தீர்மானத்தைத் தட்டச்சு செய்து சேர்த்துவிட்டார்கள். சக உறுப்பினர்களிடம் கேட்டேன். “விடுங்க சார், ஒரு வார்த்தைதானே” என்றார்கள். மூலத்தாளை அலுவலகத்திலிருந்து வெளியே கொண்டுவர எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. அதற்குள் அவரை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். தாளை எடுத்துக்கொண்டு அங்கே ஓடியபோது அவருக்கு நினைவு தப்பியிருந்தது.

அந்த ‘ஆனா’வை இன்று மாலையிட்ட அவர் படத்தின் முன்னால் நின்று முடிக்கிறேன். அம்மா, உங்கள் அப்பா நான் விலைபோனவன் என்று நம்பியே போய்விட்டார். நீங்களாவது இந்த மூலத்தாளைப் பாருங்கள், இதில் தீர்மானமே இல்லை.

கூட்டை மறைக்க, சிறகு ஒடிந்ததுபோல் நொண்டிக் காட்டும் பறவையின் செயலுக்கு ‘பொய்நொண்டல்’ என்று அவர் பெயர் வைத்தார். பறவை அதைத் தன் குஞ்சுகளுக்காகச் செய்கிறது. எனக்கு முன்னால் பேசிய மூவர் குரல் உடைந்து பேசினார்கள். யாருக்காக?

மூவரும் ஒன்றைச் சொன்னார்கள்: அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று. எந்தப் பணியை? கடைசி ஓராண்டில் அவர் வளையம் மாட்டவில்லை, சொல் திரட்டவில்லை. அவர் செய்தது ஒரே ஒரு பணி. இந்தப் புத்தகத்திலிருந்து தம் பெயரை எடுக்கப் போராடினார். அந்தப் பணியை நான் தொடர்கிறேன். நாடாவுக்குள் இருக்கும் புதிய பதிப்பிலும் நாற்பத்தோராம் பக்கம் அப்படியேதான் இருக்கிறது. அச்சகத்தில் போய்ப் பார்த்துவிட்டேன்.

நான்காவது கடிதத்தை எழுதிவிட்டேன். ‘கணுக்கால்’ திரும்ப வர வேண்டும், அல்லது அவர் பெயர் போக வேண்டும். பிரதிகள் வாசலருகே மேசையில் இருக்கின்றன. ஒப்புக்கொள்பவர்கள் கையெழுத்திடலாம். முதல் கையெழுத்து என்னுடையது.

படித்துவிட்டுப் போட்டது.