இரு கரைக்கும் இடம் கேட்ட மனு அக்காவுக்கு

அன்பில் அருவியே, அயராத உழைப்பின் அடையாளமே, அமைச்சகத்தின் அத்தனை படிகளையும் ஏறி இறங்கியும் அலுத்துக்கொள்ளாதவரே, ஆற்றோரக் குடியிருப்போர் கூட்டமைப்பின் செயலாளராக இருந்து இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் மனு அக்கா அவர்களே, வணக்கம்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். எனவே சபையைப் பார்த்தே சொல்லிவிடுகிறோம். யாரோ ஒருவரின் கதையைக் கேட்பதுபோல் நீங்களும் கேட்டுக்கொண்டிருங்கள்.

மழையின் குணம் மாறிப்போன காலம் அது. வாரக்கணக்கில் நிதானமாகப் பெய்துவந்த மழை, ஒரே பிற்பகலில் மொத்தமாகக் கொட்டித் தீர்க்கத் தொடங்கியிருந்தது. இக்கரையில் அக்காவின் கணவர் நடத்தும் பேக்கரியில் அடுப்பு இரண்டு தடவை மூழ்கியது. மாறிவரும் காலநிலைக்கு ஊர்களைத் தயார்படுத்த அரசு நிதி ஒதுக்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டதும், இக்கரைச் சங்கத்தின் சார்பில் வெள்ளத் தடுப்புச் சுவர் கேட்டு அக்கா நடையாய் நடந்தார். ஒருவழியாக ஒப்புதலும் கிடைத்தது.

நன்றி சொல்லப் போன இடத்தில், பொறியாளரிடம் அக்கா சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். "நம்ம பக்கம் வராத தண்ணி அப்புறம் எங்க சார் போகும்?"

பொறியாளர் பேனாவால் ஜன்னலுக்கு வெளியே காட்டினார். "அக்கரைக்குத்தான். அவங்க சார்புல இதுவரைக்கும் யாரும் வந்து கேக்கலையேம்மா."

அக்காவுக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. அக்கரை இன்னும் தாழ்வான இடம். ஒற்றை அறை வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் தெருக்கள்.

"சங்கத்துல பேசிட்டு வர்றேன். அதுவரைக்கும் இதை நிறுத்தி வைங்க சார்."

"என் சர்வீஸ்ல, கொடுத்ததை வேண்டாம்னு சொல்ற முதல் ஆளு நீங்கதாம்மா," என்றார் பொறியாளர்.

வீட்டில் கணவர் மாவு பிசைந்த கையோடு அப்படியே நின்றார். "நம்ம அடுப்பு முக்கியமா, ஊரான் வீட்டு அடுப்பு முக்கியமா?" என்று கேட்டவர், அதற்குப் பிறகு அக்காவிடம் பேச்சையே குறைத்துக்கொண்டார். சங்கக் கூட்டத்தில் அதைவிட மோசம். இரும்புக்கடை வைத்திருந்த தலைவர் மேசையைத் தட்டினார். "எல்லாம் கூடி வர்ற நேரத்துல கெடுத்துட்டு வந்து நிக்கிறீங்களே."

அக்கா உட்காரவில்லை. "சுவரைக் கட்டிட்டு நாம காஞ்ச தரையில படுத்திருப்போம். அங்க குழந்தைங்க மேசை மேல ஏறி நிக்கும். இது தெரிஞ்சும் தூக்கம் வரும்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க."

முடிதிருத்துபவர் ஒருவரின் கை மட்டும் பாதிவரை உயர்ந்தது. எல்லோரும் திரும்பிப் பார்க்கவே, அது அப்படியே தலையைச் சொறியப் போய்விட்டது. அங்கே எழுந்த சிரிப்பில் இரும்புக்கடைக்காரரும் கலந்துகொண்டார். சுவர் அன்றோடு கைவிடப்பட்டது.

மறுநாள் அக்கா பாலத்தைக் கடந்து அக்கரைச் சங்கத்துக்குப் போனார். அங்கே தலைவராக இருந்த மீன்கடைக்காரர், சுவரை எதிர்த்து வழக்குப் போட வக்கீலையே பிடித்து வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அக்காவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "சண்டைக்குத் தயாரா இருந்தோம். நீங்க இப்படி வந்து நின்னா, நாங்க யார்கூடச் சண்டை போடறது?"

"அரசாங்கத்தோட போடுங்க. சேர்ந்தே போடுவோம்."

இந்தக் கூட்டமைப்பு பிறந்தது அப்படித்தான். அது வைத்த கோரிக்கையும் புதிதாக இருந்தது. ஆற்றை நெருக்கச் சுவர் வேண்டாம். மேல்பக்கம் பாழாய்க் கிடக்கும் சரக்குக் கிடங்கு மைதானத்தைத் தாழ்த்திவிட்டால், பெருகும் தண்ணீர் அங்கே போய் அகலமாகப் படுத்துக்கொள்ளும். இதைச் சொன்னபோது துறையில் கொட்டாவி விட்டார்கள். அதிகாரிகள் மாறினார்கள், மாறிய ஒவ்வொருவருக்கும் அக்கா முதலிலிருந்து, முதல் தடவை சொல்வதுபோலவே பொறுமையாகச் சொன்னார். கடைசியில் துறைச் செயலரை மழைக்காலத்தில் நம் கூட்டமைப்பு கூடும் மன்றத்துக்கே அழைத்தார். அவர் பளபளக்கும் காலணியோடு வந்து, கணுக்கால் தண்ணீரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரு கரைக்காரர்களும் சொன்னதைக் கேட்டார். கால் நனைந்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது, மைதானமும் தாழ்ந்தது.

போன வருடம் அந்தப் பெருமழை வந்தது. தண்ணீர் ஏறுவதைப் பாலத்தின் மேல் நின்று இரு கரையும் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றியிருந்தார். ஆறு மைதானத்துக்குள் திரும்பியது. திரும்பி, பரவி, ஏரிபோல் நின்றது. இக்கரையிலும் சரி, அக்கரையிலும் சரி, தெருக்களில் கணுக்கால் அளவுக்குமேல் தண்ணீர் ஏறவில்லை. அன்று சாயங்காலம் பேக்கரியிலிருந்து சூடான ரொட்டிகளை இரண்டு கூடைகளில் எடுத்துக்கொண்டு அக்காவின் கணவர் பாலத்துக்கு வந்தார். "ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம்," என்றவர், ஒரு ரொட்டியைப் பிய்த்து முதலில் அக்காவின் கையில் கொடுத்தார். "காலையிலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிடல." அதுவரை அழாத அக்கா அப்போதுதான் அழுதார்.

அறிவும் அன்பும் ஒருங்கே அமைந்த எங்கள் அக்காவே, சொல்ல வேண்டிய செய்தி இன்னும் ஒன்று இருக்கிறது. நேற்று அமைச்சகத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. கோடை வெப்பத்தில் வெயிலில் நின்று உழைப்பவர்களுக்கு நிழற்கூடங்கள் கேட்டு அடுத்த வாரம் நாம் போக வேண்டிய சந்திப்பு பற்றித்தான். "அந்த அம்மா வர்றாங்களா?" என்று கேட்டார்கள். ஓய்வு பெற்றுவிட்டார் என்றோம். மறுமுனையில் ஒரு நீண்ட நிம்மதிப் பெருமூச்சு கேட்டது. "அவங்க வரல சார், ஆனா அவங்ககிட்ட வேலை கத்துக்கிட்ட நாங்க ஏழு பேரும் வர்றோம்," என்றோம். "அப்போ ஏழு நாற்காலி போட்டு வைக்கிறோம்," என்று போனை வைத்துவிட்டார்கள்.

ஆகவே அக்கா, கவலையின்றி ஓய்வெடுங்கள். உடலில் வலுவும் உள்ளத்தில் உவகையும் ஒருநாளும் குறையாமல், அடாது மழை பெய்யும் நாளிலும் மதியத் தூக்கம் கலையாமல், அத்தானோடு நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும்.

என்றும் உங்கள் அன்பில்,
இரு கரைக் கூட்டமைப்பின் அலுவலகத் தோழர்கள் எழுவர்