முகப்பில் நிற்பது குதிரை

அலுவலகத்தில் காலை டீயை நான்தான் போடுவேன். யாரும் சொல்லிச் செய்வதில்லை. கெட்டிலுக்குப் பக்கத்தில் என் மேசை இருக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொருவருக்கும் பாதிக் கிண்ணம் ஊற்றுவேன். நிறைய ஊற்றிக் கொடுத்தால் எழுந்து போ என்று அர்த்தமாகிவிடும். பிஷ்கெக்கில் பிறந்த கிர்கிஸ்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கலிபா எஜே, அக்கா முறை ஆனாலும் இங்கே மேலதிகாரி நீங்கள், உங்களுக்கு என்மேல் சந்தேகம் வந்ததே ஒரு கிண்ணம் டீயால்தான் என்று நம் மிர்லான் சொன்னான். அதனால் டீயிலிருந்து ஆரம்பிக்கிறேன். "நடந்ததை நடந்தபடி சொல்லு, குபாத். நான் குறுக்க பேசமாட்டேன்" என்று உங்கள் அறைக் கதவைச் சாத்தினீர்கள். நல்லது. குறுக்கே பேசாதவர்களிடம் பேசத்தான் எனக்கும் பிடிக்கும்.

நாம் புரோகிராம் எழுதுகிற எடிட்டரை இந்த அலுவலகம் முழுவதற்கும் அமைத்துக் கொடுத்தவன் நான். எழுத்தின் அளவு, நிறம், செஷன் எல்லாம் என் கைவேலை. சாயங்காலம் எடிட்டரை மூடினால் திறந்திருந்த ஃபைல்கள், கர்சர் நின்ற வரி, இன்னும் பெயர்கூட வைக்காத தாள்கள் எல்லாம் செஷனாகச் சுருண்டு சர்வரில் போய்ப் படுத்துக்கொள்ளும். மறுநாள் திறந்தால் விட்ட இடத்தில் எழுந்து நிற்கும். செஷனை முடித்து எதுவும் மிச்சம் வைக்காதவருக்கு மட்டும் முகப்புத் திரை வரும்.

அந்த முகப்பு முன்பு வெறும் கறுப்பாக இருந்தது. பார்க்கவே அழுது வடிந்தது. நான் அதில் எழுத்துகளையும் புள்ளிகளையும் மட்டுமே வைத்து ஒரு யுர்ட் கூடாரம் வரைந்தேன். பின்னால் பனிமலை. கூடார உச்சியிலிருந்து புகை எழும்பும், அசையும். குளிர்காலத்தில் புகை கொஞ்சம் கனமாக வரும். வாசலில் ஒரு குதிரை. கீழே அவரவர் பெயர் சொல்லி ஒரு வணக்கம். குதிரையின் கழுத்துக்கு மட்டுமே ஒரு வசந்தகாலம் போனது. எனக்குக் கொடுத்த வேலையான டிக்கெட் பக்கத்தை நான் இன்னும் முடிக்காதது பற்றி நாம் தனியாகப் பேசலாம்.

எல்லோரும் பார்த்தார்கள். "பைகே, புகையைப் பாத்தா கண்ணு எரியுது" என்றான் என்னை அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் மிர்லான். அவன் வாயிலிருந்து அது பாராட்டுதான். நீங்களும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தீர்கள். புருலாய் மட்டும் பார்க்கவில்லை. அவள் செஷனை முடிப்பதே இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளில் திறந்த செஷனையே இன்றுவரை இழுத்துக்கொண்டு வருகிறாள். எடிட்டரைத் திறந்தால் நேராக நேற்றைய வரியில் போய் இறங்கிவிடுவாள். நான் கூரை போட்டு, மலை எழுப்பி, குதிரை கட்டி வைத்த வாசலை அவள் ஒரு நாள்கூட மிதித்ததில்லை.

ஒருமுறை கேட்டேன்.

"புருலாய், முகப்பு எப்படி இருக்கு?"

"எந்த முகப்பு, பைகே?"

"எடிட்டர் திறந்ததும் வருமே."

"எனக்கு அதெல்லாம் வராதே. விட்ட இடம்தான் வரும். நீங்க போட்ட செஷன் பிரமாதம் பைகே, கையெடுத்துக் கும்பிடணும்."

எனக்கு வலித்தது. அதை மறைக்கப் போவதில்லை. வாசலைக் கட்டியவனிடம் வந்து கொல்லைக் கதவைப் புகழ்ந்தால் எப்படி இருக்கும்.

செஷன் இருந்தாலும் முகப்பு முதலில் வரும்படி ஒரு வரியை மாற்றியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது முகத்தில் தெரிகிறது. மாற்றியிருக்கலாம். ஆனால் ஒருவரைக் கட்டாயப்படுத்திப் பார்க்க வைப்பது என் சுபாவத்தில் இல்லை.

இப்போது நமக்கு வேலை கொடுத்த பேருந்துக்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன். அவர்களுடைய மினிபஸ்கள் எங்கே ஓடுகின்றன என்று வரைபடத்தில் காட்டும் வேலை புருலாயுடையது. எல்லாம் சரியாக ஓடியது, ஒரே ஒரு பஸ் மட்டும் திரையில் ஊரைத் தாண்டி, புல்வெளியைத் தாண்டி, ஏரிக்குள் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. அவளும் வாரக்கணக்கில் அதன் பின்னால் அலைந்தாள். சோறு தண்ணி மறந்தாள். சரியாகிவிட்டால் புதுக் குழு உன் கையில், சொதப்பினால் உன்னை வைத்துக்கொள்ள முடியாது என்று நீங்கள் அவளிடம் சொன்னது எனக்குச் சுவர் வழியாகக் கேட்டது. அந்தச் சுவர் மெல்லியது, எஜே. கவனமாகப் பேசுவது நல்லது.

பேருந்துக்காரர்கள் வேலையைப் பார்க்க வருவதற்கு முந்தின மத்தியானம் அவள் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தாள். "கிடைச்சுடுச்சு பைகே, திருடனைப் புடிச்சுட்டேன்" என்றாள். கண்ணில் நீர் நின்றது. தவறு எங்கே, எதை மாற்ற வேண்டும் என்பதையெல்லாம் பெயர் வைக்காத நாலைந்து தாள்களில் கிறுக்கி வைத்திருந்தாள். காலையில் வந்து ஒட்டவைத்தால் முடிந்தது. அன்றைக்கு அவள் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தது. தங்கைக்குத் தோடு போட்டு நிச்சயம் பண்ண மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், வீட்டில் மாவு பிசைய ஆள் இல்லை என்றாள். எடிட்டரை மூடிவிட்டு என்னிடம் வந்தாள்.

"பைகே, என் மெஷினை யாரும் தொடாம பாத்துக்குங்க. நாளைக்கு என் பொழைப்பே அதுக்குள்ளதான் இருக்கு."

"நான் இருக்கேன்ல. நீ போய் உன் தங்கச்சியப் பாரு" என்றேன்.

அவள் மெஷினை யாரும் தொடவில்லை. நானும் தொடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். செஷன்கள் சர்வரில்தானே இருக்கின்றன, அவளுடையதை என் மேசையிலிருந்தே அழித்தேன். கையில் எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியை வைத்துத் தின்றுகொண்டிருந்தேன், அதைக் கீழே வைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. சற்று நேரத்தில் கரண்ட் போய் வந்தது. அது என் வேலை இல்லை, இருந்தாலும் உதவியாக இருந்தது.

அவள் எழுதிச் சேமித்த எதையும் நான் அழிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சேமிக்காததை மட்டும்தான். செஷன்களுக்கு நகல் எடுத்து வைக்கும் ஏற்பாடு இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. குளிர்காலப் புகைக்கு இடம் போதாமல் போனபோது நிறுத்திவிட்டேன். முகப்பின் நகல் மூன்று இடங்களில் பத்திரமாக இருக்கிறது.

மறுநாள் காலை அவள் கையில் நெய் வாசனையோடு வந்தாள். தங்கை தோட்டோடு சிரிக்கும் படத்தை எல்லோருக்கும் காட்டினாள். நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். எடிட்டரைத் திறந்தாள். மலை வந்தது. கூடாரம் வந்தது. புகை எழும்பியது. "வணக்கம், புருலாய்" என்று வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தேன். கை பாட்டுக்கு ஊற்றிக்கொண்டே இருந்தது.

"பைகே, என் தாளெல்லாம் எங்க?" என்றாள்.

மிர்லான் எட்டிப் பார்த்தான். "நேத்து கரண்ட் போச்சே, அதுல போயிருக்கும். பேர் வச்சு சேமிக்கலையா நீ?"

அவள் எதை எதையோ அழுத்தினாள். பிறகு கையைக் கீழே போட்டுவிட்டுத் திரையையே பார்த்தாள். அவள் அதைக் கடைசியில் முழுதாகப் பார்த்த நேரம் அதுதான்.

"என் பொழைப்பே போச்சு. இந்தக் கழுதை மட்டும் நிக்குது" என்றாள்.

"குதிரை" என்றேன் நான். யாருக்கும் கேட்கவில்லை. கிண்ணத்தை அவள் முன்னால் வைத்தேன். விளிம்புவரை தளும்பி நின்றது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "என்ன பைகே, பொட்டிய கட்டச் சொல்றீங்களா?" என்று மிர்லான் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அவள் நினைவிலிருந்து திரும்ப எழுதி முடிப்பதற்குள் பேருந்துக்காரர்கள் வந்தார்கள், பஸ் ஏரிக்குள் இறங்கியது, "தண்ணிக்குள்ள எத்தனை ஸ்டாப்பும்மா?" என்று அவர்களில் பெரியவர் கேட்டார். புருலாய் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேர் வைத்துச் சேமிக்காதது அவள் கவனக்குறைவு என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னீர்கள். நானும் தலையாட்டினேன். கொள்கை அளவில் அது சரிதானே.

நேற்று அவள் தன் டீக் கிண்ணத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இன்றுதான் அவளுக்குக் கடைசி நாள் என்கிறார்கள். எனக்கு இரவெல்லாம் மனசு கேட்கவில்லை. அதனால்தான் நீங்கள் கூப்பிட்டதும் மழுப்பாமல் வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பெண் தவறான எண்ணத்தோடு இந்த அலுவலகத்தை விட்டுப் போகக்கூடாது. எந்த எண்ணம் என்று புரியாமல் பார்க்கிறீர்கள். கழுதை என்கிற எண்ணம்தான், எஜே.

ஆமாம், செஷனை அழித்தவன் நான். பஸ் ஏரிக்குள் போனது என்னால். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. இதை எழுத்தில் கேட்டாலும் எழுதித் தருகிறேன், கீழே கையெழுத்தும் போடுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒருவர் சொன்னதை வைத்துக் குதிரையா கழுதையா என்று முடிவு செய்வது நியாயம் இல்லை. அதனால் இன்று எல்லோரும் வருவதற்கு முன்பே வந்து அத்தனை பேர் செஷன்களையும் அழித்துவிட்டேன். மிர்லானுடையது, கணக்கு பார்க்கிறவர்களுடையது, உங்களுடையதும்தான். உங்கள் பெயரில்லாத தாள் ஒன்றில் புருலாயை வேலையை விட்டு அனுப்பும் கடிதம் பாதியில் இருந்தது. படித்தேன், நடை நன்றாக இருந்தது. இப்போது அது இல்லை. அதற்காக எனக்கு நன்றி சொல்ல வேண்டாம்.

வெளியே லிஃப்ட் கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது. எல்லோரும் வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. வாருங்கள் எஜே, அவர்கள் எடிட்டரைத் திறக்கும்போது நாமும் பக்கத்தில் நின்று பார்ப்போம். குதிரையின் காதுகளைச் சிறிதாக்கியிருக்கிறேன்.