பட்டியலின் கடைசிப் பெயர்

கணினி நிரல் எழுதுகிறவர்கள் வரியின் தொடக்கத்தில் நான்கு இடைவெளி விட வேண்டும். டினுஷா மூன்று விடுவாள், சில வேளை ஐந்து. இடைவெளியை ஒழுங்காக விடத் தெரியாதவர்கள்தான் உலகத்துக்கு உதவப் புறப்படுகிறார்கள். யுத்தமும் முடிந்து ஊரே சுனாமியை மறந்த பிறகு பேட்டி கேட்டு வருகிறீர்கள். பரவாயில்லை, சொல்கிறேன்.

நாங்கள் செய்தது ஓர் இணைய உலாவி. அதன் மூலநிரல் எல்லாருக்கும் திறந்தது. யாரும் திருத்தம் அனுப்பலாம். சேர்ப்பதா தள்ளுவதா என்று முடிவு செய்பவன் நான். லினக்ஸ் இயங்குதளத்தில் அதை ஓட வைத்தவனும் நான். பெரியகல்லாற்றிலிருந்த டினுஷா அதைப் பழைய விண்டோஸ் கணினிகளுக்கு மாற்றினாள். சுனாமிக்குப் பிறகு முகாம்களுக்குத் தானமாக வந்தவை அந்தத் தகரப் பெட்டிகள்தான். ஆகவே எல்லாரும் அவளைத்தான் புகழ்ந்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது, மறைக்கவில்லை.

ஜனவரியில் அவள் ஒரு பிழையைக் கண்டுபிடித்தாள். விண்டோஸில் நீண்ட அட்டவணையின் கடைசி வரி திரையில் வராது. திருத்தமும் அனுப்பினாள். அது வேலை செய்தது, ஆனால் இடைவெளி சரியில்லை என்று திருப்பி அனுப்பினேன்.

"அண்ணா, ஆக்கள் பேர் தேடுறாங்க. இடைவெளியப் பிறகு பாக்கலாந்தானே" என்று தொலைபேசியில் கேட்டாள்.

ஒழுங்கு எல்லாருக்கும் ஒன்றுதான் என்றேன்.

இணையத்தில் போட்டிருந்த, மீட்கப்பட்ட பிள்ளைகளின் பட்டியலும் ஓர் அட்டவணைதான். புதிய பெயர் கடைசியில் சேரும். அடுத்தது வந்ததும் முந்தியது தெரியும். பெரிய கேடில்லை என்று நினைத்தேன். ஆனால் 'ஆர்த்திகா, வயது நான்கு, வாகரை' என்ற பெயருக்குப் பிறகு யாருமே மீட்கப்படவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

ஆர்த்திகாவின் தகப்பன் யோகராசா ஆறு நாள் முகாம் கணினியில் தேடினார். மனைவியை ஏற்கெனவே அடக்கம் செய்திருந்தார். ஏழாம் நாள் வந்தாறுமூலையில் என் அறைக்கு வந்தார்.

"தம்பி, உங்கட பெட்டியில மகள்ட பேர் இருக்கா எண்டு ஒருக்காப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். இருந்தது. காட்டினால் முகாமில் ஏன் தெரியவில்லை என்ற பேச்சு வரும். டினுஷா சொன்னதே சரி என்றாகும். முகாமிலும் இங்கேயும் ஒரே பட்டியல்தான், பெயர் இல்லை என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் வயலுக்கு அடிக்கும் மருந்தைக் குடித்துச் செத்துப்போனார்.

அன்றே அந்த இடைவெளியை நானே சரிசெய்து திருத்தத்தைச் சேர்த்தேன். இரண்டு நிமிட வேலை.

ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். பிழை விண்டோஸ் பதிப்பில்தான். என் லினக்ஸ் பதிப்பில் அந்தப் பிள்ளையின் பெயர் முதல் நாளிலிருந்தே தெளிவாகத் தெரிந்தது.