கடிதமில்லாமல் பறந்த ட்ரோன்

பூங்காவில் ட்ரோன் விடுவதற்கு நகரசபையின் கடிதம் வேண்டும், சேர். பிள்ளைகள் விளையாடும் பக்கம் விடவே கூடாது. வாசலில் போர்ட் இருக்கிறது. காவல்காரன் நான்தான் அதைத் துடைக்கிறேன். ஆனால் கல்யாணப் படம் பிடிக்க வரும் பவாஸிடம் நான் கடிதம் கேட்டதே இல்லை. "ஏழுமல அண்ணே, கொஞ்ச நேரந்தான்" என்று சிரித்துக்கொண்டே வருவான். நல்ல பையன், எப்படி மறுப்பது?

அன்றைக்கும் விட்டேன். மாப்பிள்ளையும் பொண்ணும் ஆற்றோர மூங்கில் பக்கம் நடந்தார்கள். ட்ரோன் தலைக்கு மேல் குளவி மாதிரி இரைந்துகொண்டு போனது. எங்கள் லயத்தில் குடியிருக்கும் சுமித்ராவின் மகள் அதை அண்ணாந்து பார்த்தபடியே பின்னால் ஓடினாள். வேலியில் ஓர் ஓட்டை. அதைக் கட்டச் சொல்லி நகரசபை ஓவசியர் கம்பி தந்து நாளாயிற்று. மழை விடட்டும் என்று வைத்திருந்தேன். பிள்ளை அந்த வழியாக ஆற்றில் விழுந்தாள்.

நான் போனபோது மூங்கிலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இடுப்புவரைக்கும் தண்ணீர். "தாத்தா" என்றாள். அழவில்லை. கெட்டியாகத்தான் பிடித்திருந்தாள்.

கத்தியிருக்கலாம். கத்தினால் எல்லாரும் ஓடிவந்து முதலில் ஓட்டையைத்தான் பார்ப்பார்கள். அடுத்த மாதம் எனக்கு நிரந்தர நியமனம் வருவதாக இருந்தது. எங்கள் குடும்பத்தில் எல்லாரும் றக்வான மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள். காக்கிச்சட்டை போட்ட முதல் ஆள் நான். அதனால் முதலில் கம்பியைக் கட்டிவிட்டு, படிப்பக்கமாகச் சுற்றிப் போய்த் தூக்கலாம் என்று நினைத்தேன். "இரும்மா தங்கம், இந்தா வந்துட்டேன்" என்றேன். சும்மா சொல்லவில்லை, வருவதாகத்தான் இருந்தேன்.

கட்டி முடித்துப் பார்த்தால் புதுக்கம்பி பளிச்சென்று தெரிந்தது. பழசு மாதிரி இருக்கட்டும் என்று சேறு பூசினேன். அதில்தான் நேரம் போய்விட்டது. நிமிர்ந்தபோது மூங்கில் மட்டும் இருந்தது.

வாசலுக்கு வந்தேன். "மாமா, எம் புள்ளையப் பாத்தீங்களா?" என்று சுமித்ரா கேட்டாள். "பாக்கலியேம்மா" என்றேன். அவள் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

இறக்கி வைத்த ட்ரோனைப் பவாஸ் மறுபடி எடுத்தான். "ஆத்துப் பக்கம் ஒருக்கா விட்டுப் பாப்போம், அண்ணே."

அன்றைக்குத்தான் அவனிடம் கடிதம் கேட்டேன். போர்டைக் காட்டினேன்.

"என்ன பேச்சுப் பேசுறீங்க? புள்ளையக் காணோம்" என்றான். சட்டம் சட்டந்தானே என்றேன். அவன் ரோட்டால் ஓடிப்போய்ப் பாலத்திலிருந்து ட்ரோனை விட்டான். பாலத்துக்குக் கீழே அவள் கிடைத்தபோது உயிர் இல்லை.

பொலிஸ் ஸ்டேஷனில் நீங்கள் போட்டுக் காட்டிய கல்யாண வீடியோவைப் பார்த்தேன், சேர். மாப்பிள்ளைக்குப் பின்னால், மூலையில், குனிந்து சேறு பூசுகிற ஆள் நான்தான். மூங்கிலடியில் தெரியும் சிவப்புச் சட்டை அவள்தான். மறுக்கவில்லை.

என் மேல் பிழை இருக்கிறது. பவாஸிடம் முதலிலேயே கடிதம் கேட்டிருக்க வேண்டும்.