மூணாவது மாடி காலி

உக்காரும்மா, சும்மா உக்காரு. அவன் வரமாட்டான். புரோக்கர் கலோயன்தானே? போட்டோவுல கையக் கட்டிக்கிட்டு எல்லாப் பல்லையும் காட்டுவானே, அவனேதான். பதினோரு மணின்னானா? அவன் சொல்ற பதினோரு மணி எந்த ஊர் கடிகாரத்துலயோ, நம்ம ப்ளோவ்திவ்ல இல்ல. திரும்ப அடிச்சுப் பாக்கறியா, பாரு. ரிங்கு நல்லாப் போகும். எடுக்கத்தான் ஆள் இருக்காது.

வண்டிய இந்தப் பக்கம் தள்ளிக்க. அங்க மரத்துலேருந்து பிசுபிசுன்னு என்னமோ சொட்டும், பாப்பா துணியெல்லாம் வீணாப் போயிடும். பொண்ணா? பேரு? போரியானாவா, நல்லாருக்கு. தூங்கட்டும், நான் மெதுவாவே பேசறேன். சூரியகாந்தி விதை எடுத்துக்க. அட எடும்மா, பால் குடுக்கறவ வெறும் வயித்தோட வெயில்ல நிக்கலாமா.

நானா? நான் இந்த பிளாக்குதான், இதே வாசல்தான். ஆனா நானும் உன்ன மாதிரிதான், வீடு தேடறேன். ஆமா, இந்த வயசுலதான். ஏன் அப்படிப் பாக்கற, வயசானா தெருவுலயா படுக்கறது. ஓனர் விக்கறாரு. அவரு ஸ்பெயின்ல இருக்காரு. அங்க ஒண்ணு வாங்கணும்னா இங்க இருக்கறத வித்துத்தான் ஆகணுமாம். குளிர் ஆரம்பிக்கறதுக்குள்ள காலி பண்ணணும். எனக்கு ஒரே ஒரு ரூம் போதும்மா. கட்டில் போட இடம், ஒரு அடுப்பு, அவ்வளவுதான். அது கிடைக்கலன்னா எங்க போறதுன்னு நெஜமாவே தெரியல. கிராமத்துல ஒரு வீடு இருந்துச்சு, அது கூரையெல்லாம் உள்ள விழுந்து இப்ப அத்திமரம்தான் குடியிருக்கு.

இன்டர்நெட்டா? பின்ன? எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா. நீ பாக்கற அதே தளம்தான் நானும் பாக்கறேன். காலையில எழுந்ததும் அதுதான், ராத்திரி கண்ணு எரியற வரைக்கும் அதுதான். போட்டோ பாத்தே எனக்கு இப்ப ஜோசியம் சொல்லத் தெரியும். ஜூலை மாசம், நடுக்கூடத்துல கிறிஸ்துமஸ் மரம் நிக்குது. அந்த வீடு போயி அரை வருஷமாச்சுன்னு அர்த்தம். ஆனா போட்டு வெச்சிருப்பான். நீ எழுதுவ. பதில் வராது. விடாம எழுதினியோ, ஐயோ இப்பத்தான் அட்வான்ஸ் குடுத்துட்டாங்க, வேற ஒண்ணு இருக்கும்பான். அந்த வேற ஒண்ணு ஊருக்கு வெளியில, ரயில் பாதைக்கு மேல, ரெண்டு மடங்கு வாடகையில இருக்கும். உனக்கும் அதே கதையா? பாரு. பாட்டையே மாத்தமாட்டானுங்க.

எனக்கு எது எரிச்சல்னா, நான் பஸ் டிப்போவுல போன் எடுத்துக்கிட்டிருந்தவ. வாழ்க்கை பூரா அதுதான் என் வேலை. பஸ் எங்க நிக்குது, ஏன் வரல, டிரைவர் ஏன் கத்தறான், எல்லாத்துக்கும் நான்தான் எடுக்கணும். குடிச்சவன் போன் அடிப்பான், எடுப்பேன். என் அம்மாவையே திட்டுவான், அவனுக்கும் பதில் சொல்லிட்டுத்தான் வெப்பேன். ஒரு மனுஷன் அடிக்கறான்னா அவனுக்கு என்னமோ ஆகணும்னுதானே அடிக்கறான். இவனுங்களுக்கு அடிக்கச் சொல்லி நம்பர் போடறதே தொழில், எடுக்கறது மட்டும் கௌரவக் குறைச்சல்.

ஒருத்தி கூப்பிட்டா. பொய் சொல்லக்கூடாது, ஒருத்தி கூப்பிட்டா. தேன் மாதிரி குரல். யாரும்மா குடி வர்றது, உங்க பொண்ணா, மருமகளான்னா. இல்லம்மா நான்தான், தனி ஆளுன்னேன். ஓன்னா. அந்த ஓவுலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஓனர்கிட்ட பேசிட்டு இன்னைக்கே கூப்பிடறேன்னா. நான் குளிக்கப் போகும்போதும் போன உள்ள எடுத்துக்கிட்டுப் போனேன், துணி மாட்டற கொக்கியில ஒரு பையில போட்டு. ஒரு வாரம் அப்படிக் குளிச்சேன். ஒரு போனும் வரல.

அவங்க பயம் என்னன்னு எனக்குத் தெரியும். கிழவிக்கு விட்டா உள்ளயே செத்துப் போவா. அப்புறம் வாசக் கதவுல கருப்புக் கட்டம் போட்ட சாவு நோட்டீஸ், மூஞ்சியோட ஒட்டணும். நாப்பதாம் நாளுக்கு ஒண்ணு, ஆறாம் மாசத்துக்கு ஒண்ணு. அத பாத்துட்டு எவன் வாடகைக்கு வருவான். அதோ கதவப் பாரு, ஒட்டறதுக்கு இடமே இல்ல, அந்த நடுவுல மீசை வெச்சவரு என் வீட்டுக்காரரு. ஆச்சும்மா, நாலு வருஷம். வருஷா வருஷம் புதுசா ஒட்டிடுவேன், மழையில மூக்கு அழிஞ்சு போயிடுது.

நேராவே ஒரு புரோக்கர் ஆபீசுக்குப் போனேன். முடிய நல்லா வாரிக்கிட்டு, உதட்டுச் சாயம் கூட பூசிக்கிட்டு. உள்ள ஒரு பொண்ணு, நகம் இவ்வளவு நீளம். வணக்கம், ஒரு ரூம் வேணும்னேன். இன்டர்நெட்டுல பதிவு பண்ணுங்கன்னா. பதிவு பண்ணி அலுத்துப் போயித்தான் வந்தேன்மான்னேன். பதிவு பண்ணினாத்தான் நாங்க பாப்போம்னா. சரின்னு அவ எதிர்லயே உக்காந்து, கண்ணாடிய எடுத்துப் போட்டுக்கிட்டு, போன்ல ஒவ்வொரு எழுத்தா தட்டி அனுப்பினேன். அவ மேசை மேல கம்ப்யூட்டர் டிங்னு சத்தம் போட்டுச்சு. அது நான்தாம்மான்னேன். அவ என்ன பண்ணினா தெரியுமா? கைய நீட்டி அந்த சத்தத்த அணைச்சா. என் மூஞ்சிய பாத்துக்கிட்டே. நான் எழுந்து வந்துட்டேன். வெளியில வந்து அழுதேன், சொல்றதுக்கென்ன. பஸ் ஸ்டாப்புல நின்னு மூக்கச் சிந்திக்கிட்டு, ஒரு காலத்துல நான் கிளப்பி விட்ட அதே ரூட் பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு.

முழிச்சுக்கிச்சா? இரு, நீ எழுந்திருக்காத, நான் ஆட்டறேன். ஷ்ஷ், என் கண்ணு. பாரு, தூங்கிடுச்சு. எனக்கு இது கைவந்த வேலை, இந்த பிளாக்குல பாதிப் பேர நான்தான் ஆட்டித் தூங்க வெச்சிருக்கேன்.

இப்ப எங்க இருக்கீங்க? மாமியார் வீட்டுலயா. ஓஹோ. சொல்ல வேணாம், புரியுது. நீ வேலைக்குத் திரும்பப் போகணும், குழந்தைய யாரு பாக்கறதுன்னு தெரியல. ஹும்.

எந்த வீட்ட வாங்கறதுக்குப் பாக்க வந்த? மூணாவது மாடியா. தெரியும், தெரியும். போட்டோவுல கூடம் மைதானம் மாதிரி இருக்கும், நம்பாத. பால்கனிய கண்ணாடி போட்டு மூடி சமையலறையா மாத்தியிருக்கு, அது நல்ல வேலை, குளிர்காத்து உள்ள புகாது. வடக்குச் சுவரு குளிர்காலத்துல வேர்க்கும், அதுல அலமாரிய ஒட்டி வெக்காத, துணியெல்லாம் பூஞ்சை பிடிக்கும். லிஃப்ட் அந்த மாடியில நிக்காது. நாலுக்குப் போயி ஒரு படிக்கட்டு இறங்கணும். வண்டியோட உனக்குக் கஷ்டம்தான், ஒரு பக்கம் பிடிக்க ஆள் வேணும். மேல் வீட்டுக்காரன் தங்கமானவன், காது மட்டும் கேக்காது, அதனால டிவி கத்தும். இதெல்லாம் கலோயன் சொல்லுவானா? அவன் அந்த வீட்டுக்குள்ள ஒரே ஒரு தடவைதான் வந்தான், போட்டோ எடுக்க. செருப்பக்கூட கழட்டல.

அந்த போட்டோவ நல்லாப் பாத்தியா? அடுப்பு மேல பாத்திரம் இருக்கும். கொக்கியில ஏப்ரன் தொங்கும். கீழ எழுதியிருப்பான், காலி, உடனே குடியேறலாம்னு. அதப் பாத்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. உடனே வேற பேருல எழுதினேன். இஞ்சினியர் ஸ்வெத்லோஸார், சோஃபியாவுல இருக்கேன், கடன் கிடன் இல்ல, கையில முழுப் பணமும் ரொக்கமா இருக்குன்னு. சிரிக்காத, ரொம்ப யோசிச்சு வெச்ச பேரு. காபி பொங்கறதுக்குள்ள போன் அடிக்குது. ஆம்பளைக் குரலுக்கு நான் எங்க போறது, எடுக்கல. மீட்டிங்குல இருக்கேன், எழுதுங்கன்னு தட்டினேன். எழுதினானே. வணக்கம் ஐயா, மதிப்புக்குரிய ஐயான்னு. என்னை மாதக்கணக்கா திரும்பிப் பாக்காத அதே கலோயன். நான் கேட்டேன், போட்டோவுல ஏப்ரன் தொங்குதே, உள்ள யாராவது இருக்காங்களான்னு. வந்துச்சு பதிலு. கவலையே படாதீங்க ஐயா, ஒரு வயசான பொம்பள தற்காலிகமா இருக்கு, பத்திரத்துல அதுக்கு எந்த உரிமையும் இல்ல, நீங்க கையெழுத்துப் போடறதுக்குள்ள அப்புறப்படுத்திடலாம்.

அப்புறப்படுத்திடலாமாம். குப்பைத் தொட்டி பக்கத்துல பழைய சோஃபாவப் போடற மாதிரி. ஒரு புரோக்கர்கிட்டேருந்து எனக்கு வந்த ஒரே நேரான பதில் அதுதாம்மா. அதுல பொய்யும் இல்ல, அதுதான் கொடுமை. பத்திரத்துல நான் இல்ல.

ஆமா, நான்தான். அந்த ஏப்ரன் என்னோடதுதான்.

வீட்ட பையன் பேருல எழுதிக் குடுத்துட்டேன். அவங்க அப்பா போனதும், எல்லாரும் பண்றதுதானே, எனக்கப்புறம் அவன் அலையக்கூடாதேன்னு. நோட்டரி கேட்டாரு, சாகற வரைக்கும் குடியிருக்கற உரிமைய நீங்க வெச்சுக்கறீங்களான்னு. எல்லாரும் வெச்சுக்குவாங்க, ஒரே ஒரு வரி. எனக்கு அப்படி ஒரு கோவம் வந்துச்சு. என் பையன் பக்கத்துல உக்காந்திருக்கான், அவன் எதிர்லயே இப்படிக் கேக்கலாமா, அவன என்னன்னு நினைச்சீங்கன்னு அந்த மனுஷன பிடிச்சுக் கத்தினேன். வேணாம்னுட்டேன். லுபோமிர் தரையப் பாத்துக்கிட்டிருந்தான். கூச்சப்படறான்னு நினைச்சேன்.

அந்த ஓனர நான்தாம்மா பெத்தேன். வாடகைக்கு ஒரு ரூம் பாத்துக்கம்மா, பணம் நான் அனுப்பறேன்னான். அதுக்கப்புறம் எழுதினா பாத்துட்டான்னு மட்டும் காட்டுது. அவனும் புரோக்கர் ஆயிட்டான்.

எழுந்திரிக்கறியா? இரு, போகாத. நான் உன்ன அழ வெக்க வரல. சாவி என்கிட்ட இருக்கு, அவன் வராட்டி என்ன, நான் காட்டறேன் வா. உன் வீட்டுக்காரருக்குப் பிடிச்சா வாங்குங்க. யாரோ ஒருத்தர் வாங்கத்தான் போறாங்க, நீ வாங்கினா எனக்கு வருத்தமில்ல. ஆனா ஒண்ணு கேக்கணும், நீ வந்து நின்னதுலேருந்து அதத்தான் சுத்திச் சுத்தி வந்துக்கிட்டிருக்கேன். பின்னாடி ஒரு சின்ன ரூம் இருக்கு. பாப்பாவுக்கு இப்பவே தனி ரூம் வேண்டியதில்ல. அத எனக்கு வாடகைக்கு விடுவியாம்மா? இப்பவே சொல்லணும்னு இல்ல. வீட்டுல பேசு, மாமியார்கிட்ட கூட கேளு. வேணாம்னு தோணினா வேணாம்னு ஒரு வார்த்தை எழுதிடு, நான் தாங்கிக்குவேன். எழுதாம மட்டும் இருந்துடாத.