டீ மாத்திரை

எங்கள் தெருவில் தறி ஓட்டுகிறவர்கள் டீயோடு ஒரு மாத்திரை போடுவார்கள். நாள் முழுக்க விசைத்தறிச் சத்தம், தலை தெறிக்கும். டீக்கடைக்காரரே டம்ளரோடு தலைவலி மாத்திரையையும் நீட்டுவார். டீ மாத்திரை என்றுதான் அதற்குப் பேர். அதை யாரும் மருந்தில் சேர்ப்பதில்லை. நைனா என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் அப்பா சிங்காரமும் சேர்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் ஐயா, விஷயம் அவ்வளவுதான்.

திருத்தணியில் எங்கள் தெருவுக்கே முதல் பி.எஸ்ஸி. நான். நைனாவுக்கு அதில் பெருமை. மெட்ராஸில் அவருக்கு இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எழுதிக் கொடுத்தபோது, டாக்டரிடம் பேச என்னைத்தான் முன்னால் தள்ளினார். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்று டாக்டர் கேட்டார்.

"இன்னா மருந்து? ஒண்ணும் கெடையாதும்மா" என்றார் நைனா. அவர் பொய் சொல்லவில்லை. எனக்கு டீ மாத்திரை ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் இங்கிலீஷில் விளக்கினார். கடையில் வாங்குகிற வலி மாத்திரை எதையும் எங்களைக் கேட்காமல் தரக் கூடாது. இதோடு சேர்ந்தால் உள்ளுக்குள் ரத்தம் கசியும். மலம் கறுத்தால் உடனே கொண்டு வாருங்கள். கீரையைக் கூட்டிக் குறைக்காமல் ஒரே அளவாகச் சாப்பிடட்டும் என்றும் சொன்னார்.

கீரையை மட்டும் நைனாவிடம் சொன்னேன்.

முந்தின நாள்தான், அதே ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி, என் தங்கை சந்திராவை அத்தை மகன் துளசிங்கம் பாவாவுக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். பாவா பெண்டாட்டியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். சந்திரா பத்தாவதில் முதல் மாணவி. அவள் படிப்பு என்னாவது என்று நான் கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்: "ஒருத்திய படிக்க வச்சி, வாயி வளந்துகினு போறத பாத்துகினுதானே கீறேன். போதும்."

மலைமேல் கோயிலில் முகூர்த்தம் பேச அவர் படியேறிப் போய் வந்தார். முழங்கால் வீங்கியது. டீ மாத்திரை இரண்டாயிற்று. ஒரு நாள் காலையில், கொல்லைப்புறத்திலிருந்து வந்தவர் கூச்சத்தோடு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"வெளிக்குக் கறுப்பா போவுதும்மா. டாக்டராண்ட போவணுமா?"

"புது மாத்திரைக்கு அப்படித்தான் நைனா போவும்."

"ஆங். படிச்ச பொண்ணு சொன்னா சரி."

டீக்கடை மூடியிருந்த நாட்களில் நான் கடைத்தெருவில் வாங்கி வந்தேன். டீயும் நானே போட்டுக் கொடுத்தேன். வலிக்கிறவருக்கு வலி மாத்திரை கொடுப்பதை உலகம் குற்றம் என்கிறதா? விழுங்கியது அவர்தானே.

சந்திராவுக்குத் தாலி வாங்கப் போன இடத்தில் ரத்தமாக வாந்தி எடுத்தார். அரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், காரில், என் மடியில் போனார். கடைசிவரை என் கையை விடவில்லை. டாக்டர் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. அவர் எச்சரித்தது எனக்கு நன்றாகப் புரிந்தது. தெரிந்துதான் கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

கல்யாணம் நின்றது. சந்திராவின் படிப்புக்காகத்தான் இத்தனையும்.

இப்போது தறி ஓட்ட வீட்டில் ஆளில்லை, அதனால் அவள் பள்ளிக்கூடம் போவதில்லை. படித்தவள் நான் தறி ஓட்ட முடியுமா ஐயா? சத்தம் பழகவில்லை அவளுக்கு. இன்று காலையிலும் தலை வலிக்கிறது என்றாள். டீயோடு ஒன்று கொடுத்துவிட்டுத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.