பின்னாலிருந்து வந்த "ஓய்"

சனிக்கிழமை, மதியம் மூணு மணி. பனிமலை ஊரான ரெவல்ஸ்டோக்குக்கு வடக்கே, மரலாரிகள் போகிற காட்டுப்பாதை. வாரக்கடைசியில் லாரி வராது. பாதை முடிகிற இடத்தில் ஒரே ஒரு பிக்கப் வண்டி. அதன் மேல் ஒரு சாண் உயரத்துக்குப் பனி...

கதவைச் சாத்துங்க. அடுப்பில் ஒரு கட்டை போடுங்க. இது எனக்கு நடந்ததில்லை. என் சிநேகிதன் கார்த் இருக்கானே, அவனுடைய சித்தி மகன் லைலுக்கு நடந்தது. லைல் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன்.

மூணு பேர். நிலம் அளக்கிற ஆபீஸில் ஒன்றாக வேலை. லைல், அவன் தங்கை புருஷன் பிரைஸ், அப்புறம் ஷான். பிரைஸுக்கு இதுதான் காட்டுக்குள் முதல் பனிச்சறுக்கு. அவன் மனைவி டேனாவுக்கு ஏழு மாசம். கிளம்பும்போது லைல் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, எனக்கு என் புருஷன் முழுசா வேணும்."

"கொண்டாந்து விட்டுடறேன். விடு சட்டையை."

அன்றைக்குப் பனி மாவு மாதிரி. மிதித்தால் சத்தமே வராது. அடர்ந்த மரங்களுக்குள் சறுக்கும்போது முன்னால் போகிறவனுக்குப் பின்னால் வருகிறவன் தெரியமாட்டான். அதனால் ஒரு வழக்கம்... ஒருத்தன் "ஓய்!" என்று கூப்பிட வேண்டும். மற்றவன் "ஓய்!" என்று பதில் கொடுக்க வேண்டும். பதில் வரவில்லை என்றால் நின்றுவிட வேண்டும்.

கடைசிச் சறுக்கு. ஷான் வேறு பக்கமாக முதலிலேயே கீழே போய்விட்டான். அடுத்து லைல், அவன் பின்னால் பிரைஸ்.

"ஓய்!"

"ஓய்..."

லைல் நான்கைந்து தடவை கூப்பிட்டான். ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது. இடது பக்கம், கொஞ்சம் பின்னால். பிரைஸ் குரல்தான். ஒரே ஒரு விஷயம் லைலுக்கு உறுத்தியது. சறுக்கி வருகிறவனுக்கு மூச்சு இரைக்கும். அந்தக் குரலில் மூச்சே இல்லை.

ஆனாலும் பதில் வருகிறதே... திரும்பிப் பார்க்கவில்லை.

கீழே ஷான் பிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்தான். "எங்கடா உன் மாப்பிள்ளை? பொண்டாட்டி ஞாபகத்துல மரத்தைக் கட்டிப் பிடிச்சுட்டானா?"

"பின்னாடியே வர்றான். கேளு. ஓய்!"

"ஓய்..."

ரெண்டு பேரும் சிரித்தார்கள். காப்பி குடித்தார்கள். ஆள் வரவில்லை. ஷான் கூப்பிட்டுப் பார்த்தான். பதில் வந்தது. அதே தூரம். அதே இடது பக்கம். சிரிப்பு நின்றது.

ஷானை அங்கேயே நிறுத்திவிட்டு, லைல் தன் தடத்தைப் பிடித்து மேலே ஏறினான். மேலே வரைக்கும் ஒரே தடம். அவனுடையது மட்டும்.

சரிவு ஆரம்பிக்கிற இடத்திலேயே ஒரு பெரிய ஃபிர் மரம். புதுசாய்க் கிளை ஒடிந்த பிசின் வாசனை. தாழ்ந்த கிளைகளுக்கு அடியில், தண்டைச் சுற்றிப் பனி படியாத பள்ளம் இருக்கும். அதிலிருந்து ஒரு சறுக்குப் பலகையின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது.

பிரைஸ் தலைகீழாய் விழுந்திருந்தான். லைல் தோண்டி வெளியே இழுத்தான். உதடு நீலம். வாய் நிறையப் பனி, கல்லாய் இறுகி. விரலை விட்டு அதைத் தோண்டி எடுத்தான். பிரைஸ் கண்ணைத் திறந்தான்.

"ஏன் மச்சான்... இவ்வளவு நேரமா பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு... யாருக்கு பதில் சொல்லிட்டு இருந்தே?"

லைல் கீழே பார்த்துக் கத்தினான். "ஷான்! கிடைச்சுட்டான்!"

கீழேயிருந்து சிரிப்புச் சத்தம். "என்னடா உளர்றே? அவன் எப்பவோ இங்க வந்துட்டான். என் பக்கத்துலதான் நிக்கிறான்."

அப்புறம் சத்தமே இல்லை.

பிரைஸைத் தாங்கிக்கொண்டு கீழே வந்தபோது பிளாஸ்கில் இன்னும் ஆவி. ஷானின் தடம் மரங்களுக்குள் போயிருந்தது. ஒற்றைத் தடம். ஆனால் பக்கத்தில் ஒருத்தன் கூட வருகிற மாதிரி, கிளைகளிலிருந்து ஓர் ஆள் அகலம் ஒதுங்கி ஒதுங்கியே...

உள்ளேயிருந்து கூப்பிட்டது. "ஓய்..."

ஷான் குரல். கூப்பிட்டால் பதில் கொடுக்க வேண்டும். லைல் வாயைத் திறந்தான். தோளில் பிரைஸ் சரிந்துகொண்டிருந்தான். இருட்டுவதற்குள் வண்டிக்குப் போகாவிட்டால் இவன் பிழைக்கமாட்டான். டேனா முகம் ஞாபகம் வந்தது. லைல் வாயை மூடிக்கொண்டான். ஷான் இன்றுவரை கிடைக்கவில்லை.

வண்டி வரைக்கும் அந்தக் குரல் பின்னாலேயே வந்தது. அதே தூரம். இடது பக்கம்.

கதவைச் சாத்தி, எஞ்சினை உசுப்பி, ஹீட்டரைப் போட்டான். டீசல் வாடை. பிரைஸ் பக்கத்து சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். வெளியே, ரொம்பக் கிட்டத்தில்...

"ஓய்..."

லைல் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"ஓய்," என்றது பிரைஸின் வாய்.

லைல் மெதுவாகத் திரும்பினான். தன் பக்கத்துக் கண்ணாடி முழுக்க மூச்சு படிந்து வெளுத்திருந்தது. பிரைஸ் பக்கத்துக் கண்ணாடி... துடைத்து வைத்த மாதிரி தெளிவாக இருந்தது.